இயந்திரத்தின் நினைவில் நேரும் பிழை



பெல்ஜியம் நாட்டின் தலைநகராகிய பிரசெல்ஸ் மாநகரப் பகுதிகளுள் ஸ்கார்பேக் என்பது ஒன்று. 2003 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆந் திகதி அந்நாட்டிலே பொதுத் தேர்தல் நடைபெற்றது. ஸ்கார்பேக்கில் வாக்காளர் கணினி வாயிலாக வாக்களித்தனர். ஒவ்வொருவரின் வாக்கும் ஒரு காந்த அட்டையிற் பதியப்பட்டு, அவ்வட்டை பெட்டியில் இடப்பட்டது. பின்பு வாக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு விந்தை தோன்றிற்று. ஒரு வேட்பாளர் பெற்ற விருப்பு வாக்குகள், அவருடைய பட்டியலுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாக்குகளையும் விஞ்சி நின்றன. அதிகாரிகள் ஐயுற்று, பெட்டியிலிருந்த அட்டைகளை எடுத்து மீண்டும் எண்ணுவித்தனர். இம்முறை அந்த வேட்பாளரின் தொகை 4096 குறைந்தது.

கணினி வல்லுநருக்கு 4096 என்பது அறிமுகமான எண். நாம் எழுதும் எண்களில் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என இடப்பெறுமானம் பத்து மடங்காக உயர்கின்றது. கணினியோ 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களைக் கொண்டு துவித முறையில் எழுதுகின்றது. அங்கே இடப்பெறுமானம் 1, 2, 4, 8 என இரு மடங்காக உயரும். அவ்வாறு உயர்ந்து செல்கையில் பதின்மூன்றாம் இடத்தின் பெறுமானம் 4096 ஆகும். அந்த ஓரிடத்தில் 0 நிற்க வேண்டியதற்குப் பதிலாக 1 நின்றுவிட்டது. வல்லுநர் கணினியையும் அதன் செய்நிரலையும் சோதித்தனர்; பழுது எதனையும் கண்டிலர். நினைவகத்தில் ஓர் இலக்கம் தானாகவே புரண்டிருத்தல் கூடும் என்பதே அவர்கள் வந்தடைந்த முடிபு. அதனைப் புரட்டியது விண்ணிலிருந்து வந்த துகளாக இருக்கலாம் என்பர். அது நிறுவப்பட்ட செய்தியன்று. எனினும், அத்தகைய துகள்கள் நினைவகத்து இலக்கங்களைப் புரட்ட வல்லன என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதொன்று.

இச்செய்தியை உயர்தர வகுப்பில் ஒருநாள் கூறினேன். மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், மனிதர்தான் பிழை விடுவார்கள், இயந்திரமும் பிழை விடுமோ?" என்று வினவினாள். நான் கலைப் பட்டதாரி, மின்னியல் பயின்றவனல்லேன். அவளுக்கு அன்று தக்க விடை கூற இயலாமற் போயிற்று. அதன் பின்னர் நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன். இக்காலத்தில் விமானங்களிலும் செய்மதிகளிலும் மருத்துவக் கருவிகளிலும் இடம்பெற்றுள்ள ஒருவகைச் சிப்பை எடுத்துக்கொண்டு, அதன் நினைவு எவ்வாறு காக்கப்படுகின்றது என்பதனை ஆராய்வோம்.

முதலில் அத்துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். ஒஸ்திரிய அறிஞர் விக்ரர் ஹெஸ் என்பவர் 1912 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே கதிர்வீச்சை அளக்கும் கருவிகளுடன் வாயுக்கூண்டில் ஏறி 5000 மீற்றருக்கு மேல் உயர்ந்தார். கதிர்வீச்சு நிலத்திலிருந்தே பிறப்பதாயின், மேலே செல்லச் செல்ல அது குறைதல் வேண்டும். அவர் கண்டதோ அதற்கு மறுதலை. உயரத்தில் கதிர்வீச்சு மிகுந்தது. ஆகவே அது வானிலிருந்து வருகின்றது என்று அவர் துணிந்தார். அண்டக் கதிர் என்று இன்று நாம் வழங்குவது இதுவே. இக்கண்டுபிடிப்புக்காக 1936 இல் ஹெஸ் நோபெல் பரிசைப் பங்கிட்டுப் பெற்றார்.

அண்டக் கதிர்களிற் பெரும்பாலானவை புரோத்தன்கள். அவை பேராற்றலுடன் வந்து வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள நைதரசன், ஒட்சிசன் அணுக்களின் கருக்களை மோதுகின்றன. மோதலில் உடைந்து சிதறிய துகள்கள் வேறு கருக்களை மோதுகின்றன. இவ்வாறு பிறந்த துகள்கள் மழைபோலக் கீழ்நோக்கிப் பொழிகின்றன. அவற்றுள் நியூத்திரன் என்பது நம் பொருளுக்கு முக்கியமானது. அதற்கு மின்னேற்றம் இல்லை. ஆதலால் சுவரையும் கூரையையும் உடலையும் அது எளிதில் ஊடுருவிச் செல்லும். நியூயோர்க் நகரில், கடல் மட்டத்தில், ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பினூடாக ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 13 உயராற்றல் நியூத்திரன்கள் செல்கின்றன என்று கணக்கிட்டுள்ளனர். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்திலே இது சில நூறு மடங்காகின்றது.

இடத்துக்கு இடமும் இது வேறுபடும். பூமியின் காந்தப்புலம் அண்டக் கதிர்களை வளைத்துத் திருப்புகின்றது. அத்தடை காந்த மத்தியகோட்டருகே மிகுதி. துருவங்களை அணுகுந்தோறும் குறையும். 1927 ஆம் ஆண்டிலே ஜேக்கப் கிளே என்னும் ஒல்லாந்த அறிஞர் யாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலிற் செல்லும்போது இவ்வேறுபாட்டை அளந்து கண்டார். நம் இலங்கை காந்த மத்தியகோட்டை அடுத்துக் கிடப்பதால், இக்கதிர்கள் குறைவாக வந்துசேரும் இடங்களுள் ஒன்றாகும். ஆயினும் குறைவு என்பது இன்மையாகாது.

இனி, ஒரு நுண்துகள் எழுத்தை மாற்றுவது எங்ஙனம்? சிப்பிலுள்ள நினைவுக் கலம் ஒன்றைக் கருதுங்கள். வழக்கமான கலத்தில் ஆறு திரான்சிற்றர்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று தாங்கும் இரு பாதிகளாக அமைந்திருக்கும். ஒரு பாதி 1 என்று நின்றால் மற்றது 0 என்று நின்று அதனை உறுதிப்படுத்தும். மின் உள்ளவரை இவ்விணை தன் நிலையிலிருந்து பிறழாது. இக்கலம் எவ்வளவு சிறிதாகின்றதோ அவ்வளவுக்கு அதிலுள்ள மின்னேற்றமும் சிறிதாகும். ஒரு நியூத்திரன் சிலிக்கன் அணுவின் கருவை மோதினால், கரு உடைந்து அதன் துண்டுகள் மின்னேற்றத்தைச் சிதறிக்கொண்டு பாயும். அச்சிதறல் கலத்தின் ஒரு பாதியை நிலை குலைத்தால், மற்றப் பாதியும் உடன்சாய்ந்து, 1 என்றிருந்தது 0 என நிலைத்துவிடும்.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கலம் பழுதடையவில்லை. கரும்பலகையில் எழுதிய எழுத்தை எவரோ மாற்றிவிட்டால் பலகைக்கு யாதொரு ஊறும் இல்லை. அழித்து மீண்டும் எழுதலாம். இதுவும் அத்தகையதே. ஆகவே இதனை மென்பிழை என்பர். ஆனால், கரும்பலகையில் எழுத்து மாறியதை அறியாத பிள்ளைகள் அதனைப் பார்த்தெழுதினால் என்னாகும்? இடுக்கண் அங்கேதான் தொடங்குகின்றது.

இப்பொழுது நம் சிப்புக்கு வருவோம். சாதாரணமான சிப்பு ஆலையில் செய்யப்படும்போதே அதன் தொழில் வரையறுக்கப்படுகின்றது. கூட்டல் செய்யும் சுற்று என்றும் கூட்டலே செய்யும். 1984 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் மூவர் சேர்ந்து சைலிங்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான றோஸ் ஃபிறீமன் என்பவரின் எண்ணம் புதுமையானது. தொழில் வரையறுக்கப்படாத சிப்பைச் செய்து விற்போம். வாங்கியவர் தமக்கு வேண்டிய சுற்றைத் தாமே அதில் எழுதிக்கொள்ளட்டும் என்றார் அவர். 1985 இல் வெளிவந்த முதற் சிப்பில் 64 தருக்கத் தொகுதிகள் இருந்தன. களத்தில் நிரற்படுத்தத்தக்க தருக்கச் சிப்பு என்று இதனைக் கூறலாம். சுருக்கங் கருதி அமைசிப்பு என்று இப்பேச்சில் வழங்குவேன்.

அதனுள்ளே நிகழ்வது யாது? நான்கு உள்ளீடுகளைக் கொண்ட ஒரு தருக்கப் படலையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் உள்ளீடும் 0 அல்லது 1 ஆகலாம். ஆகவே 16 சேர்க்கைகள் உண்டு. ஒவ்வொரு சேர்க்கைக்கும் விடை என்ன என்பதை 16 நினைவுக் கலங்களில் எழுதி வைத்தால், அந்த அட்டவணையே படலையாகிவிடும். எழுத்தை மாற்றினால் படலையின் இயல்பும் மாறும். ஒரு தொகுதியை மற்றொன்றுடன் இணைக்கும் கம்பிகளும் இவ்வாறே அமைந்தன. தெருச் சந்திபோன்ற ஒவ்வோர் இணைப்பிடத்திலும் ஒரு கலம் நின்று, வழியைத் திறப்பதா அடைப்பதா என்று தீர்மானிக்கின்றது. இன்றைய பெரிய அமைசிப்பில் இத்தகைய கலங்கள் கோடிக்கணக்கில் உள்ளன.

ஏனைய கணினிகளின் நினைவுக்கும் இதற்குமுள்ள வேற்றுமை இப்போது உங்களுக்குப் புலப்பட்டிருக்கும். ஸ்கார்பேக்கில் புரண்டது ஒரு தொகை. கூட்டும் இயந்திரம் மாறவில்லை. அமைசிப்பில் ஓர் இலக்கம் புரண்டால் மாறுவது இயந்திரமே. கணக்கேட்டில் ஒரு புள்ளி தவறுதல் வேறு, கணக்குப் பிள்ளையின் அறிவு பேதலித்தல் வேறு. முன்னதில் ஒரு விடை பிழையாகும்; பின்னதில், கவனித்துத் திருத்தும்வரை, வரும் விடைகளெல்லாம் பிழையாகலாம்.

இத்தகைய பிழைகளை மனிதர் அறிந்துகொண்டது சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலே. 1975 இல், செய்மதிகளில் நேர்ந்த சில கோளாறுகளுக்கு அண்டக் கதிரே காரணம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டிற்று. 1978 இல் இன்ரெல் நிறுவனத்தைச் சேர்ந்த ரிமதி மே, மறே வூட்ஸ் என்னும் இருவர் நிலத்திலிருந்த நினைவகச் சிப்புகளிலும் பிழை நேர்வதை ஆராய்ந்தனர். அங்கே பகை வானிலிருந்து வரவில்லை. சிப்பைப் பொதிந்திருந்த உறையிலே மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவை வெளிவிட்ட அல்பா துகள்களே பிழைக்குக் காரணமாயின. அல்பா துகளை ஒரு தாள் தடுத்து நிறுத்தும். ஆனால் காவற்காரனே கள்வனாகும்போது மதிலால் என்ன பயன்? மூலப்பொருள்களைத் தூய்மை செய்வதே அதற்குப் பரிகாரமாயிற்று. 1979 இல் சீக்லர், லான்போட் என்னும் அறிஞர் நிலமட்டத்தில் உள்ள நினைவகங்களையும் அண்டக் கதிர் தாக்கும் என்று கணித்துரைத்தனர்.

அமைசிப்புகளை வைத்தே செய்த சோதனையும் உண்டு. சைலிங்ஸ் நிறுவனத்தார் நூற்றுக்கணக்கான அமைசிப்புகளைத் தொகுதிகளாக்கிப் பல உயரங்களில் வைத்துக் காத்திருந்தனர். கலிபோர்னியாவின் தாழ்நிலத்திலே சில. அங்குள்ள வெண்மலையிலே சில. ஹவாயின் மௌனா கேயா மலையுச்சியிலே சில. பிரான்சு நாட்டில் ரூஸ்ரெல் என்னுமிடத்து மலையின் அடியிற் குடைந்த நிலவறையிலே சில. மலையுச்சியில் வானத்துத் துகள் மிகும். நிலவறையில் அது அடங்கும். இரண்டையும் ஒப்பிட்டால், வானத்தால் வரும் பிழை எவ்வளவு, சிப்பின் உடலிலுள்ள அசுத்தத்தால் வரும் பிழை எவ்வளவு என்று பிரித்தறியலாம் அல்லவா?

நோய் இன்னதெனக் கண்டோம். மருந்துக்கு வருவோம்.

கவசமிட்டுத் தடுக்கலாமே என்பது எவருக்கும் முதலில் எழும் எண்ணம். நியூத்திரனை மதித்தக்க அளவு தடுப்பதற்குத் தடித்த கொங்கிறீற்றுச் சுவர் வேண்டும். விமானத்தில் அதனைச் சுமக்க முடியாது. விண்வெளியிலோ பேராற்றல் வாய்ந்த துகள்கள் அலுமினியக் கவசத்தை ஊடுருவிச் செல்வதோடு, அதனை மோதி மேலும் பல துகள்களையும் பிறப்பிக்கும். ஆகவே கவசம் ஓரளவுக்கே உதவும்.

எழுதும் ஏட்டை மாற்றுதல் மற்றொரு வழி. சில அமைசிப்புகளில், இணைப்பு வேண்டுமிடத்து மின்னைச் செலுத்தி நிலையான ஒட்டொன்றை உண்டாக்குவர். அது கல்லில் வெட்டிய எழுத்து, துகளால் அழியாது. ஆனால் நாமும் அதனை மாற்ற முடியாது. வேறு சில சிப்புகள், மின்காவலியால் நன்கு சூழப்பட்ட இடத்தில் மின்னேற்றத்தைப் பூட்டி வைப்பன. அவை நியூத்திரனால் எளிதில் புரளா. எனினும் நெடுங்காலக் கதிர்வீச்சு அவற்றைத் தேய்க்கும். மூன்றாவது, கலத்தையே வலுப்படுத்துதல். ஆறு திரான்சிற்றருக்குப் பதிலாகப் பன்னிரண்டை ஒன்றையொன்று தாங்குமாறு அமைத்தால், ஓரிடத்தில் அடி விழுந்தாலும் ஏனையவை பழைய நிலையை மீட்டுத் தரும். 2021 ஆம் ஆண்டு பெப்புருவரி 18 ஆந் திகதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இவ்வாறு வலுப்படுத்திய அமைசிப்பு ஒன்று இருந்தது. இறங்குகையில், கீழுள்ள நிலத்தின் படங்களை ஆராய்ந்து வழிகாட்டும் பணியில் அது ஈடுபட்டது. இறங்கிய பின்னர் வேறு சுற்று எழுதப்பட்டு ஊர்தி ஓடுவதற்கு உதவிற்று. மாற்றி எழுதக்கூடிய சிப்பை ஏன் விரும்புகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய சிப்பு விலைமிக்கது. எங்கும் பயன்படுத்த இயலாது. ஆகவே பிழை நேரும் என்று ஒப்புக்கொண்டு, நேர்ந்ததைக் கண்டு திருத்தும் முறைகளே பெரிதும் கைக்கொள்ளப்படுகின்றன. அவற்றுள் இரண்டினை விரித்துரைப்பேன்.

முதலாவது, கண்டுபிடித்துத் திருத்தி எழுதுதல். ஆசிரியராக நான் பணி தொடங்கிய காலத்தில், ஒரு வகுப்பின் புள்ளிப் பட்டியலைப் பெயர்த்தெழுதும் வேலை எனக்கு இடப்பட்டது. ஒரு மாணவியின் கணிதப் புள்ளி 64. நான் 46 என்று எழுதிவிட்டேன். பட்டியலில் ஒவ்வொரு நிரையின் முடிவிலும் மாணவரின் மொத்தமும், ஒவ்வொரு நிரலின் அடியிலும் பாடத்தின் மொத்தமும் மூலத்திலிருந்து குறிக்கப்பட்டிருந்தன. மூத்த ஆசிரியர் ஒருவர் கூட்டிப் பார்த்தார். ஒரேயொரு நிரை ஒத்துவரவில்லை; ஒரேயொரு நிரலும் ஒத்துவரவில்லை. இரண்டும் வெட்டும் இடத்தில் விரலை வைத்து, "தம்பி, இதைத் திருத்தும்" என்றார். மூலத்தைப் பாராமலே பிழை இருக்குமிடத்தையும் அதன் அளவையும் அவர் கண்டுவிட்டார். அன்று அவர் கூட்டிப் பாராதிருந்தால் அப்பிள்ளை அடுத்த வகுப்புக்கு ஏற்றப்பட்டிருக்கமாட்டாள்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய றிச்சாட் ஹமிங் என்னும் கணித அறிஞர் இத்தகைய கருத்தையே துவித இலக்கங்களுக்கு வகுத்தமைத்தார். வார இறுதியில் ஆளின்றி ஓடிய கணினி, பிழையொன்றைக் கண்டதும் அவருடைய கணக்கைக் கைவிட்டு அடுத்த கணக்குக்குச் சென்றுவிடும். பிழையிருப்பதை அறியத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எவ்விடத்தது என்று அறிந்து திருத்தவும் கற்பித்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். அதன் பயனாகப் பிறந்த முறையை 1950 இல் வெளியிட்டார். எழுத வேண்டிய இலக்கங்களுடன் சில காவல் இலக்கங்களையும் சேர்த்தெழுதினால், ஓர் இலக்கம் புரண்டபோது எது புரண்டது என்பதை அவை சுட்டிக்காட்டும்.

அமைசிப்பின் நினைவு சிறு சிறு பகுதிகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் இத்தகைய காவல் இலக்கங்கள் வைக்கப்படுகின்றன. சுற்று தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கும்போதே, ஒரு காவலன் இப்பகுதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒத்துவராத இடத்தைத் திருத்திச் செல்கின்றான். கடைசிப் பகுதியை முடித்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றான். துடைத்தெழுதுதல் என்று இதனைக் கூறலாம். மாசற்ற மூலப் பிரதியொன்றைப் புரளாத நினைவகத்தில் வைத்திருந்து, அதிலிருந்து பெயர்த்தெழுதுவதும் உண்டு. 2007 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தார் சிபோலா என்னும் செய்மதியை அனுப்பினர். அதில் ஒன்பது அமைசிப்புகள் இருந்தன. வேறொரு உறுதியான சிப்பு அவற்றின் நினைவை ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் ஒருமுறை சுற்றிப் படித்துக் காவல் செய்தது. பிரேசிலையும் தென் அத்திலாந்திக்கையும் அடுத்த வான்பகுதியில் பூமியின் கதிர்வீச்சுப் பட்டை தாழ்ந்து வருகின்றது. அங்கே செல்லும்போது பிழைகள் மிகுந்தன.

ஆயினும் காவலன் வந்து திருத்துவதற்கு இடைப்பட்ட கணத்தில் சுற்று பிழையான விடையைத் தந்துவிட்டால் யாது செய்வது? அதற்கே இரண்டாவது முறை வேண்டப்படுகின்றது. ஒரே சுற்றை மூன்று பிரதிகளாக எழுதி, மூன்றின் விடைகளையும் வாக்கெடுத்து, பெரும்பான்மையை ஏற்றுக்கொள்ளுதலே அம்முறை. செக்கோஸ்லோவாக்கியாவில் 1957 இல் இயங்கத் தொடங்கிய சாப்போ என்னும் கணினியில், கணக்கிடும் உறுப்புகள் மூன்றாயிருந்து வாக்களித்தன. நம்பத்தகாத உறுப்புகளைக் கொண்டு நம்பத்தக்க இயந்திரத்தைக் கட்டுவது எங்ஙனம் என்று ஜோன் வொன் நொய்மான் 1952 இல் ஆற்றிய விரிவுரைகள் 1956 இல் அச்சேறின. மனிதரைச் சந்திரனுக்கு ஏற்றிச் சென்ற சற்றேண் 5 ஏவுகணையின் கணினியும் மும்முறை அமைந்த தருக்கச் சுற்றுகளைக் கொண்டிருந்தது.

தமிழ் கற்ற நமக்கு இம்முறை புதிதன்று. ஏட்டுச் சுவடிகளிலிருந்து பழைய நூல்களைப் பதிப்பித்தோர் செய்தது இதுவே. 1887 இல் கலித்தொகையை அச்சிற் கொணர்ந்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் போன்ற பெரியார், ஓர் ஏட்டை மட்டும் நம்பினாரல்லர். பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினர். ஓர் ஏட்டில் எழுதுவோன் விட்ட பிழை, மற்ற ஏடுகளால் வெளிப்பட்டுவிடும்.

ஆனால் பதிப்பாசிரியர் நன்கறிந்த ஓர் எச்சரிக்கை இங்கு உண்டு. மூன்று ஏடுகளில் இரண்டு, பிழையுள்ள ஒரே தாயேட்டிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டனவாயின், இரண்டும் ஒரே பிழையைச் சொல்லும். அப்போது பெரும்பான்மை பொய்யின் பக்கம் நிற்கும். எண்ணிக்கையால் மட்டும் காவல் உண்டாகாது. சாட்சிகள் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும்.

அமைசிப்பிலும் இவ்விடர் பல உருவங்களில் வருகின்றது. மூன்று பிரதிகளையும் நெருக்கமாக எழுதினால், ஒரேயொரு சந்திக் கலம் புரள்வதாலேயே இரு பிரதிகளின் கம்பிகள் இணைந்து, இரண்டும் ஒருங்கே கெடலாம். ஆகவே பிரதிகளை ஒன்றுக்கொன்று எட்ட வைக்கின்றனர். சாய்வாகப் பாயும் துகள் அடுத்தடுத்த கலங்கள் சிலவற்றை ஒரே அடியிற் புரட்டக்கூடும். ஓர் இலக்கத்தையே திருத்த வல்ல காவல் முறை அங்கே தோற்கும். அதனால் ஒரு பகுதிக்குரிய இலக்கங்களை அடுத்தடுத்து வையாது பரப்பி வைக்கின்றனர். வாக்குகளை எண்ணும் உறுப்பும் அதே சிப்பில் எழுதப்பட்டதுதானே? அதுவும் கெடலாம் என்பதால் அதனையும் மூன்றாக்குகின்றனர். மூன்று பிரதிகளும் ஒரே மூல வரைபடத்திலிருந்து எழுதப்பட்டனவாதலால், வரைந்தவரே பிழை விட்டிருந்தால் மூன்றும் ஒருமித்துப் பிழை சொல்லும். வாக்கெடுப்பு துகளின் பிழையைத் திருத்தும். மனிதன் விட்ட பிழையைத் திருத்தாது.

துடைத்தெழுதுதலும் வாக்கெடுப்பும் ஒன்றுக்கொன்று துணை. வாக்கெடுப்பு மட்டும் இருந்து திருத்தம் இல்லையாயின், இன்று ஒரு பிரதி கெடும். மூன்றும் ஓடுவதுபோலவே தோன்றும். சில நாளில் இரண்டாவதும் கெட, பெரும்பான்மை மாறிவிடும். திருத்தம் மட்டும் இருந்து வாக்கெடுப்பு இல்லையாயின், இடைப்பட்ட கணத்திற் பிறந்த தவறான கட்டளை போய்ச் சேர்ந்துவிடும். திருத்திய பின்னரும் ஒரு கடமை எஞ்சும். கெட்டிருந்த பிரதி தன் எண்ணிக்கையைத் தவறவிட்டிருக்கும். வகுப்புக்கு வராதிருந்த பிள்ளைக்கு நடந்த பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதுபோல, அதனை ஏனைய இரண்டுடனும் மீண்டும் ஒத்திசைக்க வேண்டும். எழுதும் வாயிலே தாக்கப்பட்டால் துடைத்தெழுதவும் முடியாது. அப்போது மின்னை நிறுத்தி, மூலப் பிரதியிலிருந்து முற்றிலும் புதிதாகத் தொடங்குவதே வழி.

இக்காவல்கள் மெய்யாகவே காக்கின்றனவா என்பதை அறிய, பொறியியலாளர் தாமே பிழையை உண்டாக்கிப் பார்க்கின்றனர். சிப்பு ஓடும்போது ஒவ்வோர் இலக்கமாகப் புரட்டி, விடை மாறுகின்றதா என்று நோக்குகின்றனர். எழுதிய சுற்று பயன்படுத்தாத கலங்கள் பல இருப்பதால், புரளும் இலக்கமெல்லாம் கேடு செய்வதில்லை என்பதும், எந்த இலக்கங்கள் உயிர்நிலையானவை என்பதும் இதனால் தெரியவரும். லொஸ் அலமோஸ் போன்ற இடங்களில் நியூத்திரன் கற்றையின் எதிரே சிப்பை வைத்துச் சோதிப்பதும் உண்டு. இயற்கையில் பல்லாண்டு வாங்கும் அடியை அது அங்கே குறுகிய நேரத்தில் வாங்கிவிடும்.

இவ்வளவுக்கும் விலை உண்டு. மூன்று பிரதி எழுதினால் மும்மடங்குக்கு மேலும் இடமும் மின்னும் செலவாகும். ஆகவே எதனை எவ்வளவு காப்பது என்று தெரிந்தெடுத்தல் வேண்டும். தொலைக்காட்சிப் படத்தில் ஒரு புள்ளி ஒரு கணம் நிறம் மாறினால் கேடில்லை. விமானத்தின் சுக்கானை அசைக்கும் கட்டளையும், நோயாளிக்குச் செலுத்தும் மருந்தின் அளவும் அத்தகையனவல்ல. எங்கே மூன்று சாட்சிகள் வேண்டும், எங்கே ஒன்று போதும் என்பதைத் துகள் தீர்மானிப்பதில்லை, சிப்பும் தீர்மானிப்பதில்லை. அதனை அமைக்கும் மனிதரே தீர்மானிக்கின்றனர். செலவைச் சுருக்கும் எண்ணத்தால் அவர் விட்ட காவலை, எங்கோ ஒருநாள் ஒரு துகள் வெளிப்படுத்தும்.

ஸ்கார்பேக்கில் நேர்ந்ததை மீண்டும் எண்ணுவோம். அங்கே பிழை பிடிபட்டது இரண்டு காரணங்களால். தொகை, பட்டியலின் அளவை விஞ்சியபோது அதனை ஐயுறுவதற்கு ஒரு சரிபார்ப்பு இருந்தது. ஐயுற்றபின் மீண்டும் எண்ணுவதற்கு, அட்டைகள் பெட்டியில் இருந்தன. கணினி சொல்லிவிட்டது, இனி வேறு பேச்சில்லை என்று அட்டைகளை எறிந்திருந்தால், மக்கள் அளியாத 4096 வாக்குகளை நீக்குவதற்கு வழியே இருந்திராது.

என் மாணவிக்கு நான் பின்னர் கூறிய விடையும் இதுவே. இயந்திரமும் பிழை விடும், பிள்ளாய். தான் எழுதாத எழுத்து தன் நினைவில் நிற்பதை அது அறியாது. அறியுமாறு நாம் அமைத்தாலன்றி. ஆதலால் பிழை விடாத இயந்திரத்தைத் தேடி அலைவதிற் பயனில்லை. மூலத்தைப் பேணுதல், இடையறாது ஒப்புநோக்குதல், ஒரே வாயின் சொல்லை முடிபாகக் கொள்ளாமை ஆகிய மூன்றையும் அதனுள் அமைத்தல் வேண்டும். ஏடு பெயர்த்தோரும் புள்ளிப் பட்டியல் எழுதுவோரும் கைக்கொண்ட ஒழுங்கு இதுவே. சிலிக்கனில் எழுதுவோரும் அதனைக் கைக்கொள்ள வேண்டியவராயினர்.